தண்ணீர் வடிய மட்டும்

சட்டப் புத்தகத்தை யாரும் ரசனைக்காகப் படிப்பதில்லை. ஆனால் மோட்டார் வாகன விதிகளில் ஒரு சின்ன விதி உண்டு, ஒருமுறை படித்தால் மறக்காது. பயணிகளை ஏற்றும் வண்டியின் தரைப்பலகை உறுதியாக இருக்க வேண்டும். காற்றும் தூசியும் கூடுமானவரை உள்ளே வராதபடி நெருக்கமாகப் பொருந்தியிருக்க வேண்டும். தண்ணீர் வடிவதற்காக அதில் துளை போடலாம், வேறு எதற்காகவும் போடக்கூடாது. இந்தியாவின் பல மாநில விதிகளில் கிட்டத்தட்ட இதே வாசகம்தான் இருக்கிறது.

இதை எழுதியவர், பேருந்தின் தரையில் ஓட்டை இருந்தால் அதை யாரோ ஒரு ஆள் துளைபோட்டிருப்பார் என்று நினைத்திருக்கிறார். துருவை அவர் கணக்கில் எடுக்கவில்லை. துரு எந்த விதியையும் படிப்பதுமில்லை.

நாகர்கோவிலில் வேனோ மினி லாரியோ டாக்ஸியோ வைத்துப் பிழைப்பவர்களிடம் பேசினால், வருடத்தில் அவர்கள் வயிற்றைக் கலக்கும் நாள் எஃப்.சி. நாள்தான் என்பார்கள். ஃபிட்னஸ் சர்டிபிகேட் என்று முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. 'எஃப்.சி. முடியப் போவுது', 'வண்டிய எஃப்.சி.க்குக் காட்டணும்', 'எஃப்.சி. வேல நடக்கு' – இப்படித்தான் பேச்சு. வண்டியைப் பார்த்துச் சான்று தருகிற மோட்டார் வாகன ஆய்வாளருக்குத் தமிழ்நாடு முழுக்கப் பேச்சுவழக்கில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று பெயர். அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு வரலாறு கிடக்கிறது. அரசாங்கம் வண்டிக்குள் முதலில் எட்டிப் பார்த்தது பிரேக்கைத்தான். தரை ரொம்பக் காலம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அந்தத் தாமதத்துக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சீமைச் சேஸிஸ், நம்மூர்த் தரை

நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல். அதுவரை இந்த ஊருக்கு வருவதும் போவதும் சாலை வழியாகத்தான். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், மேற்கே திருவனந்தபுரம் சாலை, தெற்கே குமரி முனை. கல்யாணத்துக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கோர்ட்டுக்குப் போனாலும் ஏதோ ஒரு வண்டியின் தரையில் கால் ஊன்றித்தான் போக வேண்டும்.

அந்தத் தரையின் கதை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலத்திலேயே தொடங்குகிறது. 1937 செப்டம்பரில் திருவிதாங்கூர் அரசு, லண்டன் பாசஞ்சர் டிரான்ஸ்போர்ட் போர்டில் வேலை பார்த்த இ.ஜி. சால்டர் என்பவரை அழைத்து வந்து பேருந்துத் துறையை ஒப்படைத்தது. 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா சேவையைத் தொடங்கி வைத்தார். மகாராஜா ஏறிய முதல் வண்டியைச் சால்டரே ஓட்டினார். இங்கிலாந்திலிருந்து வந்தவை 60 காமர் சேஸிஸ்கள், பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் பூட்டியவை. கூடு மட்டும் வரவில்லை. அதை இங்கேயே, சால்டரின் மேற்பார்வையில் துறையின் ஆட்கள் கட்டினார்கள்.

இன்ஜினும் சேஸிஸும் ஒரு கம்பெனியுடையது. கூடும் இருக்கையும் தரையும் இன்னொரு கையுடையது. இந்தப் பாகப்பிரிவினை பின்னாலும் மாறவில்லை. அசோக் லேலண்டோ டாடாவோ சேஸிஸைக் கொடுக்கும். அதை ஓட்டுநர் ஒருவர் தலைக்கவசமும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கூடில்லாமல், வெயிலில் ஓட்டிக்கொண்டு போவதை நெடுஞ்சாலைகளில் பார்த்திருப்பீர்கள். கரூர் மாதிரி ஊரில் கூடு கட்டப்படும். வண்டி நின்றுபோனால் கம்பெனியைக் கேட்கலாம். தரை இற்றுப்போனால் யாரைக் கேட்பது? பேருந்துக் கூடு எப்படி இருக்க வேண்டும் என்று ஏ.ஐ.எஸ். 052 என்ற பெயரில் தேசிய அளவிலான தரக்குறிப்பு வந்ததே இந்த நூற்றாண்டில்தான்.

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வண்டிகளின் முகவரி மாறியது. பிறகு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம், 1983-இல் நேசமணி போக்குவரத்துக் கழகம், 1997-இல் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் எடுக்கப்பட்டு வெறும் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று பக்கவாட்டில் எழுதிய பெயர் மாறிக்கொண்டே வந்தது. பெயர் எழுதும் தகட்டுக்குக் கிடைத்த கவனம் காலுக்குக் கீழே இருந்த தகட்டுக்குக் கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

ஆசாரி கையிலிருந்து டிங்கர் கைக்கு

விதியில் 'தரைப்பலகை' என்று ஏன் வந்தது? அப்போது அது உண்மையிலேயே பலகைதான். மரச்சட்டம் கட்டி அதன்மேல் மெல்லிய தகடு அடிப்பதுதான் அந்தக் காலத்துப் பேருந்துக் கூடு. வில்வண்டியும் கட்டை வண்டியும் செய்த அதே தச்சு வேலையின் நீட்சி. தேக்கும் அயினியும் பழகிய ஊருக்கு அது அந்நியமான வேலையில்லை. பலகை இற்றால் ஆசாரி வந்து அதைக் கழற்றிவிட்டு வேறு பலகை வைப்பார், அவ்வளவுதான். மரம் அழுகுவதற்கு முன் சொல்லிவிட்டு அழுகும். அமுங்கும், கறுக்கும், மிதித்தால் முனகும்.

உலகம் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. அமெரிக்காவில் எட்வர்ட் பட் என்பவரின் தொழிற்சாலை 1914-இலேயே டாட்ஜ் கார்களுக்கு முழுக்க இரும்புத் தகட்டால் ஆன உடலைச் செய்துகொடுத்தது. 1934-இல் பிரான்ஸின் சித்ரோவன் டிராக்ஷன் அவான் தனிச் சேஸிஸே இல்லாமல் உடலையே எலும்புக்கூடாக்கியது. மானோகாக் என்பது இதைத்தான். அந்த வழியில் வந்ததுதான் நம் அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அச்சில் உத்தரபாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை செய்யப்பட்ட கார். டாக்ஸி ஸ்டாண்டுகளில் அதன் காலம் ஒரு யுகம்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். லாரி, பஸ், பழைய ஜீப் ஆகியவற்றில் கீழே சேஸிஸ் என்ற தனி முதுகெலும்பு உண்டு. தரை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. தரை இற்றால் வண்டி ஒடியாது, உள்ளே இருப்பவர் விழுவார். மானோகாக் காரில் தரையே முதுகெலும்பு. அங்கே தரை இற்றால், கதவு சரியாகச் சாத்தாது. ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஜாக்கி மேலே வரும், கார் வராது. சீட்டும் பெல்ட்டும் எதில் போல்ட் போட்டு நிற்கிறதோ அதுவே இருக்காது. இரண்டு ஓட்டையும் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் ஆபத்து வேறு வேறு.

ஆக, தரை ஆசாரியிடமிருந்து டிங்கரிடம் போனது. டிங்கரிங் பட்டறை என்றால் நாகர்கோவில்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். சுத்தியல், தாங்குக்கட்டை, தகடு வெட்டும் கத்தரி, வெல்டிங், பட்டி, பெயின்ட். கொல்லரின் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்க தொழில். இரும்பு மரத்தைப் போல முனகாது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே அடியில் காகிதமாகிவிடும்.

மூடிய இடத்தில்தான் முதலில்

நாகர்கோவில் கடலோரத்தில் இல்லை, சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனால் இந்த ஊர் வண்டிகள் நாள் முழுக்கக் கடலுக்கும் ஊருக்கும்தான் அலைகின்றன. குளச்சல், முட்டம், சின்னமுட்டம் என்று மீன் ஏறும் இடங்கள். ஐஸ் உருகி உப்போடு மீன் கழிவோடு தரையில் தேங்கும் தண்ணீர், கடல்காற்றைவிட மோசம். போதாததற்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் வண்டியின் அடிவயிறு காய்வதற்கு நெடுங்கோடை உண்டு. இங்கே அது இரண்டு மழைக்கும் நடுவே கிடைத்தால் உண்டு.

உப்பு இரும்பைத் தின்பது என்கிறோம். உண்மையில் உப்பு தின்பதில்லை. இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே ஈரத்தில் மின்னோட்டம் ஓட வழி திறந்துவிடுகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளைக் காற்றில் தொங்கவிட்டுப் பல பத்தாண்டுகளாக இதை அளந்திருக்கிறது. கடலில் இருந்து தள்ளிப் போகப் போக அரிமானம் சடாரென்று குறையும் என்பது இப்படிப்பட்ட சோதனைகள் சொன்ன பாடம். ஆனால் வண்டி ஒரே இடத்தில் தொங்கும் துண்டு அல்ல. கடற்கரைக்குப் போய் உப்பை ஏற்றிக்கொண்டு, வீட்டு ஷெட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு பாடம் கேம்பிரிட்ஜில் இருந்து வந்தது. யூ.ஆர். எவன்ஸ் என்பவர் 1920களில் ஓர் எளிய சோதனை செய்தார். இரும்புத் தகட்டின்மேல் ஒரே ஒரு சொட்டு உப்புநீர் விட்டார். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் விளிம்பில்தான் அதிகம் அரிக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது தலைகீழ். ஆக்சிஜன் குறைவான நடுப்பகுதியில்தான் இரும்பு கரைந்தது. காற்றுப் படாத இடம் தன்னை இழந்து, காற்றுப் படும் இடத்தைக் காப்பாற்றுகிறது.

இதை வண்டித் தரைக்குக் கொண்டுவாருங்கள். தரையை அழகாக வைத்துக்கொள்ள ரப்பர் மேட் போடுகிறோம். அதன்மேல் கயிற்று மிதியடி. ஈரச் செருப்போடு ஏறுகிறார்கள், தண்ணீர் மேட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. மேலே காய்ந்துவிடும், அடியில் மாதக்கணக்கில் காயாது. எவன்ஸின் சொட்டு அங்கே ஆறடி நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது. மூடி வைத்த இடம்தான் முதலில் அரிக்கும். வேதியியல் சொன்ன இந்த வாக்கியம் நிர்வாகத்துக்கும் பொருந்தும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வெளிப்பக்கம் சக்கரம் வேலை செய்கிறது. சக்கரத்துக்கு மேலும் முன்னும் உள்ள தரைப்பகுதியில் ஒவ்வொரு சுற்றுக்கும் சேறும் உப்பும் சரளையும் வந்து அடிக்கின்றன. பெயின்ட் உரிந்து, தகட்டின் மடிப்புகளில் மண் அடைந்து, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் தரை பெரும்பாலும் இற்றுப்போவது சக்கரத்துக்குப் பக்கத்தில்தான். விழக்கூடாத இடத்தில்தான் ஓட்டை விழுகிறது.

இரண்டு விதமான ஒட்டு

பட்டறைக்கு வண்டி வருகிறது. எஃப்.சி. தேதிக்குப் பத்து நாள் இருக்கிறது. மேட்டைத் தூக்கினால் அடியில் சாலை தெரிகிறது. இங்கே இரண்டு வழி உண்டு.

நல்ல வழி மெதுவானது. சீட்டைக் கழற்ற வேண்டும், மேட்டை எடுக்க வேண்டும், பேட்டரி இணைப்பைப் பிரிக்க வேண்டும், பெட்ரோல் பைப் பக்கத்தில் போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சுத்தியலின் பின்முனையால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு 'ணங்' என்னும், இற்ற தகடு 'பொத்' என்னும். ஓட்டை ஒரு கையளவு இருந்தால் கெட்டுப்போனது இரண்டு முழம் இருக்கும். நல்ல தகடு வருகிற வரைக்கும் வெட்டி எடுக்க வேண்டும். வண்டிக்காரர் முகம் வாடும் கட்டம் இதுதான். அவர் கொண்டுவந்தது சின்ன ஓட்டை, டிங்கர் அதைப் பெரிய ஜன்னலாக்கிவிட்டார்.

அட்டையில் அளவு வெட்டி, அதை வைத்து 18 கேஜ் தகட்டை, அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் கனத் தகட்டை, வெட்டுகிறார்கள். சும்மா தட்டையாக வைத்தால் மிதிக்கும்போது தகரடப்பா மாதிரி சத்தம் போடும். பழைய தரையில் இருந்த மேடு பள்ளங்கள் அழகுக்கு அல்ல, விறைப்புக்கு. அதனால் புதுத் தகட்டிலும் மடிப்புத் தட்ட வேண்டும். பிறகு ஒரு முனையில் ஒரு பொட்டு, எதிர்முனையில் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு அப்பளமாக நெளியும். முன்பு கேஸ் வெல்டிங்; இப்போது சி.ஓ.2 வெல்டிங் வந்தபிறகு நெளிவு குறைந்திருக்கிறது. பிறகு தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, இணைப்பில் சீலர் பூசி, மேலும் கீழும் கோட்டிங் கொடுத்து, கடைசியாக வடிகால் துளைகள் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. விதி அனுமதிக்கும் ஒரே துளையை நாமே அடைத்துவிடக் கூடாது.

கெட்ட வழி வேகமானது. துருவின் மேலேயே ஒரு ஜி.ஐ. தகட்டை வைத்து ரிவெட் அடிப்பது. ஓரத்தில் தார் மாதிரி ஏதாவது பூசி, மேலே புது மேட் ஒட்டி, அடியில் கறுப்பு பெயின்ட் அடித்துவிடுவது. ஒரு மத்தியான வேலை. 'எஃப்.சி.க்கு இது போதும் அண்ணாச்சி' என்ற வாக்கியம் பிறக்கும் இடம் இதுதான். இந்த வாக்கியத்தில் 'போதும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சாலைக்குப் போதுமா என்று யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

அந்த ஒட்டு எப்படிச் சாகும் என்பது எவன்ஸின் சொட்டிலேயே இருக்கிறது. இரண்டு தகட்டுக்கு நடுவே ஈரம் மாட்டிக்கொள்கிறது. உள்ளே காற்றில்லை. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அது உப்பி ரிவெட்டைத் தள்ளும். ஒட்டுப் போட்ட தரை, போடாத தரையைவிட வேகமாகப் போகும். போவது வெளியே தெரியவும் தெரியாது.

டிங்கரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எஃப்.சி. இல்லாத நாட்களில் வண்டி ஓட முடியாது. ஓடாத நாட்களிலும் தவணை ஓடும், டிரைவர் சம்பளம் ஓடும். ஒரு வாரப் பட்டறை வேலை என்பது ஒரு வார வருமானம். எஃப்.சி.க்காகத் தமிழ்நாட்டு லாரிகள் முழுதாகப் பெயின்ட் அடித்து மணப்பெண் மாதிரி வந்து நிற்பதற்கும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காசு போகாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். ஒரு நாள் பரீட்சைக்கு மனிதர்கள் ஒரு நாளைக்குத்தான் படிப்பார்கள்.

பட்டியலில் இல்லாத வரி

தகுதிச் சான்று என்ற கருத்து பழையது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் 38-ஆவது பிரிவு அதைச் சொன்னது. சமஸ்தானமான திருவிதாங்கூருக்கு அது நேரடியாகப் பொருந்தாது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் எல்லோரும் ஒரே சட்டத்துக்குள் வந்தோம். இன்றைய 1988 சட்டத்தில் அது 56-ஆவது பிரிவு. வாடகை வண்டிக்குத் தகுதிச் சான்று இல்லையென்றால், அது முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. டி.என். 74 என்ற எண் பலகை வெறும் தகடாகிவிடும். சொந்தக் காருக்கு 15 வருடம் வரை இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பிறகு பதிவைப் புதுப்பிக்கும்போது அதுவும் வந்து நிற்க வேண்டும்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும்? 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 62-ஆவது விதியோடு ஓர் அட்டவணை இருக்கிறது. நெடுங்காலம் அது இப்படி ஓடியது: ஸ்பார்க் பிளக், முகப்பு விளக்கு, மற்ற விளக்குகள், பிரதிபலிப்பான், பின்னால் பார்க்கும் கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை, பிரேக், ஸ்பீடோமீட்டர், ஸ்டீயரிங். நல்ல பட்டியல்தான். ஆனால் தரை என்று ஒரு வரி அதில் இல்லை. மாநில விதிகளில் கூடு பற்றியும் தரைப்பலகை பற்றியும் இருந்தது உண்மை, ஆய்வாளர் மறுக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் கையில் பட்டியலோடு நிற்பவர் பட்டியலில் உள்ளதைத்தான் முதலில் பார்ப்பார். இது மனித சுபாவம்.

இதில் நாம் தனியாக இல்லை. பிரிட்டனில் பழைய கார்களுக்குக் கட்டாய ஆய்வு 1960-இல் வந்தபோது பார்த்தவை பிரேக், விளக்கு, ஸ்டீயரிங். குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் நாடு அது. கார்களின் அடிப்பகுதி கரைவது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் உடலின் நிலையும் சேஸிஸின் நிலையும் அந்த ஆய்வுக்குள் வந்தது 1977-இல். பதினேழு வருடம். தொழில்நுட்பம் தெரிந்த, உப்பும் துருவும் பழகிய நாட்டுக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. ஏனென்றால் ஓடுவது, நிற்பது, திரும்புவது, எரிவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் செயல்கள். தரை எதையும் செய்வதில்லை. தாங்குகிறது, அவ்வளவுதான். தாங்குகிறவற்றை நாம் கடைசியில்தான் கவனிப்போம், வண்டியிலும் சரி, வீட்டிலும் சரி.

2012 ஜூலை 25

சென்னைக்குத் தெற்கே, தாம்பரம் பக்கத்துப் புறநகர். பள்ளி விட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளிப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. இருக்கைக்குக் கீழே தரையில் ஓட்டை. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்தாள். பின்சக்கரம் ஏறியது. அந்த இடத்திலேயே போய்விட்டாள்.

கூடிய கூட்டம் அந்தப் பேருந்தைக் கொளுத்தியது.

பிறகு தெரிந்த செய்திதான் தமிழ்நாட்டைத் தூங்கவிடாமல் செய்தது. அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று புதுப்பித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. எஃப்.சி. இல்லாமல் திருட்டுத்தனமாக ஓடிய வண்டியாக இருந்திருந்தால் கோபத்துக்கு ஓர் எளிய முகவரி கிடைத்திருக்கும். இது காகிதம் சரியாக இருந்த வண்டி. சில வாரத்தில் நல்ல தரை ஒன்று குழந்தை விழும் அளவுக்கு இற்றுப்போகாது; துருவின் வேகம் அதுவல்ல. ஆக, சான்று கொடுத்த நாளில் அந்தத் தரை ஏற்கெனவே போயிருந்தது என்பதற்கு வேதியியல் போதும், வேறு சாட்சி வேண்டாம்.

சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளித் தரப்பு, ஓட்டுநர், ஆய்வாளர் என்று பலர்மீதும் வழக்குப் போடப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு பள்ளிப் பேருந்துகளை ஒழுங்குபடுத்தத் தனியாகச் சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. மஞ்சள் வண்ணம், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, உதவியாளர், அனுபவமுள்ள ஓட்டுநர், மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழு. இன்று பள்ளி திறப்பதற்கு முன் ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளிப் பேருந்துகளை ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்திக் கலெக்டரும் போலீஸும் போக்குவரத்து அதிகாரிகளும் பார்க்கிறார்களே, நாகர்கோவிலிலும் ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறதே, அந்த வரிசைக்குப் பின்னால் இருப்பது அந்த ஜூலை மாதம். அதிகாரிகள் ஏறி இறங்குவதைப் போட்டோவில் பார்க்கும்போது சடங்கு மாதிரித் தெரியும். செய்திக்குறிப்பில் 'தரைத்தளம்' என்ற சொல் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் வரும். 2012-க்கு முன் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இருந்ததில்லை.

மேட்டைத் தூக்குவது

இப்போது ஆய்வு மனிதக் கையிலிருந்து மெஷினுக்குப் போகிறது. தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான மத்திய விதிகள் 2021-இல் வந்தன. உருளைகள்மேல் ஏற்றிப் பிரேக்கின் விசையை எண்ணாக அளக்கலாம், முகப்பு விளக்கின் கோணத்தை அளக்கலாம், புகையை அளக்கலாம். முகம் பார்த்துக் கொடுப்பது, கை நீட்டி வாங்குவது எல்லாம் குறையும் என்பது நம்பிக்கை. நல்லதுதான். ஆனால் தரைக்கு அப்படி ஓர் உருளை இல்லை. குழிக்குள் இறங்கி, விளக்கடித்து, ஒருவர் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். பிரிட்டனில் இன்றும் ஆய்வாளர் ஒரு சின்னச் சுத்தியல் போன்ற கருவியால் அடிப்பகுதியைத் தட்டித்தான் துருவைக் கண்டுபிடிக்கிறார். நம் டிங்கர் கேட்கும் அதே 'பொத்' சத்தம்தான் அவருக்கும் சாட்சி.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்ற பெயர் மாறப்போவதில்லை. மாற வேண்டியதும் இல்லை. ஆனால் தரையைப் பார்ப்பது அவர் ஒருவரின் வேலை மட்டும் என்று விட்டுவிட்டதுதான் இந்த எண்பது, தொண்ணூறு வருடக் கதையின் பிழை. வருடத்துக்கு ஒரு நாள் பார்க்கிறவருக்கு முன்னால், தினமும் கழுவுகிற கிளீனர் பார்க்கிறார். மேட்டை மாற்றுகிறவர் பார்க்கிறார். ஒட்டுப் போடுகிறவர் எல்லோரையும்விட நன்றாகப் பார்க்கிறார். சான்றில் கையெழுத்துப் போடாத இவர்களுக்குத்தான் உண்மை முதலில் தெரிகிறது. 'எஃப்.சி.க்குப் போதும்' என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு 'இது ஓடாது அண்ணாச்சி, வெட்டி எடுக்கணும்' என்று சொல்லவும் தெரியும். அதைச் சொன்னால் வண்டியை ஓட்டிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்களே என்ற பயம்தான் நடுவில் நிற்கிறது. அந்தப் பயத்தைப் போக்க எந்த விதியும் இதுவரை எழுதப்படவில்லை.

உங்கள் தெருவிலும் காலை எட்டு மணிக்கு ஒரு மஞ்சள் வேன் வந்து நிற்கும். பிள்ளையை ஏற்றிவிடும்போது ஒருநாள் குனிந்து, கடைசி சீட்டுக்குக் கீழே, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், மேட்டின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். டிரைவர் முறைப்பார், பரவாயில்லை. அடியில் ஈரமில்லாத, பெயின்ட் உரியாத தகடோ பலகையோ இருந்தால், அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். வெளிச்சம் தெரிந்தால், பிள்ளையையும் கையோடு இறக்கிக்கொண்டு வாருங்கள்.